எரிந்துகொண்டிருந்த விளக்கு

ஜூன் 5

அண்ணிக்கு,

இது வேலை விஷயமாக எழுதும் கடிதம். நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில், இடம் மிஞ்சினால்.

இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவள் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக வந்து நிற்கிறாள் என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. வேறு வழியில்லை. இது சுரங்கம். வெடி வைக்கும் இடம் என்பதால் கேட்டிலேயே போனைப் பிடுங்கித் துணிப்பையில் போட்டு அலமாரியில் பூட்டிவிட்டார்கள். இணையம் கிடையாது. மேனேஜர் அறையில் ஒரு போன் இருக்கிறது, அது விபத்துக்கு மட்டும். வியாழக்கிழமை மதியம் சாமான் வண்டி வரும், வெள்ளி விடிந்ததும் திரும்பும். காய்கறியும் கடிதமும் அதில்தான்.

நீங்கள் எழுதிய கெர்னல்தான், கணினியின் எல்லா வேலைக்கும் அடியில் ஓடுகிற அந்த நிரல்தான், இங்கே கூண்டை ஓட்டுகிறது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பிக் கயிற்றில் பூமிக்குள் இறங்குகிற இரும்புக் கூண்டு. போன மாதம் அது பாதி வழியில் நின்றுவிட்டது. மின்சாரம் இருந்தது, மோட்டார் நன்றாக இருந்தது, பிரேக் மட்டும் விடவில்லை. மேலேயிருந்து எல்லாவற்றையும் அணைத்துப் போட்ட பிறகுதான் அசைந்தது. பிறகு இன்னொரு தடவை. கம்பெனி என்னை அனுப்பியது. நான் வந்த பிறகு மூன்றாவது தடவை.

பதிவுகளைப் பார்த்துவிட்டேன். கெர்னல் ஓட்டும் வேலைகளில், பிரேக்கை விடும் டாஸ்க் தூங்கப் போயிருக்கிறது, எழுந்திருக்கவில்லை. அதை எழுப்ப வேண்டிய டாஸ்க், தன் வேலையை முடித்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறது. யாரை எப்போது ஓட விடுவது, யாரைத் தூங்க விடுவது என்று பங்கு பிரிக்கிற அந்த ஷெட்யூலர் பகுதி முழுக்க முழுக்க உங்கள் கைவேலை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்: தூங்கச் சொல்லும் இடத்தில் ஏதாவது விட்டிருக்கிறீர்களா?

மேனேஜர் தங்கமான மனிதர், சிரித்துக்கொண்டேதான் கழுத்தைப் பிடிக்கிறார். "நீங்க எப்ப வேணா போகலாம் மேடம், யாரு வேணாம்னா? சரி பண்ணிட்டுப் போங்க." வெளியே போக ஒரு சீட்டு வேண்டும், சீட்டில் அவர் கையெழுத்து வேண்டும். என் அறை ஒரு தகரப் பெட்டி. ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் அடுத்த தகரப் பெட்டியின் சுவர். கையை நீட்டினால் தொடலாம்.

இந்தக் கம்பெனிக்குக் கெர்னலை விற்றபோது, அதைத் தெரிந்த ஆள் ஒருத்தி கூடவே போவாள் என்று என்னைக் கேட்காமல் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தீர்களே, பொம்மையோடு பேட்டரியைக் கொடுப்பது மாதிரி, அந்தப் பேட்டரி இப்போது இங்கே கிடக்கிறது. சும்மா சொல்லி வைத்தேன்.

இடம் மிஞ்சவில்லை.

உங்கள் நாத்தனார்


ஜூன் 9

குண்டூசி,

வந்ததும் குத்த ஆரம்பித்துவிட்டாய். நல்லது, உடம்பு சரியாக இருக்கிறது என்று தெரிகிறது.

வலது மணிக்கட்டு இன்னும் பழைய கதைதான். இடது கையில் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். சுருக்கமாகத்தான் எழுதுவேன்.

தூங்கச் சொல்லும் இடத்தில் நான் எதையும் விடவில்லை. அந்தப் பகுதி எத்தனையோ இயந்திரங்களில் வருஷக்கணக்காக ஓடுகிறது. நின்றதில்லை.

கேள்வி ஒன்று: கணினிப் பலகையை மாற்றினார்களா? அதில் புராசஸர் ஒன்றா இரண்டா? இதைச் சொல்லாமல் என் தலையில் பழியைப் போடாதே.

கேள்வி இரண்டு: நிற்கும்போது நீ பார்த்தாயா, இல்லை பதிவில் படித்தாயா? நிற்பதை எனக்குக் காட்டு. காட்ட முடியாத பிழையைப் பற்றி நான் பேசுவதில்லை, உனக்குத் தெரியும்.

உன் அண்ணன் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ரேஸ் கண்டிஷன் போலத் தெரிகிறது என்று நான் சொல்லித் தொலைத்தேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓடி வரும்போது, யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிடுகிற கோளாறு என்று விளக்கினேன். அதிலிருந்து, "ஓட்டப் பந்தயம் முடிஞ்சுதா?" என்று வேளைக்கு ஒரு தடவை கேட்கிறார்.

பேட்டரி விஷயத்துக்கு இப்போது பதில் இல்லை. கை வலிக்கிறது.

அண்ணி


ஜூன் 12

அண்ணி,

உங்கள் கை வலிக்கும் நேரமெல்லாம் சரியாக எனக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரமாக இருக்கிறது. இருக்கட்டும்.

பலகையை மாற்றியிருக்கிறார்கள். புராசஸர் இரண்டு. பழையது கிடைக்கவில்லையாம், அதே கெர்னலைத் தூக்கி இதில் வைத்துவிட்டார்கள். ஓடியது. ஓடினால் யார் கேட்கப் போகிறார்கள்?

காட்டு என்கிறீர்கள். எப்படிக் காட்டுவேன்? ஒவ்வொரு படியிலும் நேரத்தைக் குறித்து வைக்கும்படி வரிகளைச் சேர்த்தேன். சேர்த்த நாளிலிருந்து கூண்டு சமர்த்தாக ஏறி இறங்கியது. வரிகளை எடுத்தேன், நின்றது. குறித்து வைப்பதற்கு ஆகும் கண நேரத்தில் இரண்டு புராசஸர்களும் ஒன்றையொன்று தவறவிடாமல் தாண்டிவிடுகின்றன போல. ஆள் பார்த்தால் ஒழுங்காக இருக்கிறது, பார்க்காவிட்டால் படுத்துவிடுகிறது.

நிற்பதை நீ பார்த்தாயா என்று கேட்டீர்கள். பார்த்தேன். செவ்வாய்க்கிழமை உள்ளேயே இருந்தேன்.

கீழே இருக்கும் உணர்கருவியைச் சோதிக்க வேண்டியிருந்தது. ஷிப்டு ஆட்களோடு ஏறினேன். தோளோடு தோள் இடிக்கும் இடம். பாதியில் ஒரு குலுக்கல், அவ்வளவுதான், நின்றுவிட்டது. கூண்டை நடத்தும் பெரியவரைக் கூண்டுக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். அவர் ஒரு தலைவிளக்கைத் தவிர மற்றதையெல்லாம் அணைக்கச் சொன்னார், பேட்டரி மிச்சம் இருக்கட்டும் என்று. கம்பிக்கு அந்தப் பக்கம் ஈரப் பாறை, மூக்குக்கு நேராக. மேலே பார்த்தால் கறுப்பு, கீழே பார்த்தால் அதைவிடக் கறுப்பு. ஏறும்போது என்னைக் கிண்டல் செய்த ஒரு தடியன், யாராவது தன் சட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகக் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார். நான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்தேன். கூண்டுக்காரரின் பெல்ட்.

"மேடம், இது எதனால நிக்குது?" என்று அவர் கேட்டார்.

"உள்ள ஒரு வேலை தூங்கிடுச்சுங்க. எழுப்ப வேண்டியது எழுப்பாம போயிடுச்சு."

"அப்ப போயி எழுப்புங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு வந்த அமைதிதான் தாங்கவில்லை, அண்ணி. ஒவ்வொருவர் மூச்சும் தனித்தனியாகக் கேட்டது. மேலே எவனோ அணைத்துப் போட்டு, கூண்டு அசைந்த பிறகும் அந்தப் பெல்ட்டை நான் விடவில்லை. மறுபடி அதில் ஏற என்னால் முடியாது. இதை மேனேஜரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

மேனேஜருக்கு ஒரு யோசனை. ஒரு கடிகாரத்தை வைத்து, சில விநாடிக்கு ஒருதரம் எல்லா டாஸ்க்கையும் தட்டி எழுப்பிவிட்டால் போதாதா? "கொஞ்சம் நின்னு போவும், போகட்டுமே. நீங்களும் வீட்டுக்குப் போகலாம்." என் விரல் துடிக்கிறது. பத்து வரி. வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறிவிடலாம். ஆனால் பாதி வழியில் தூங்கினால் தொங்குவோம், அவ்வளவுதான். அடியை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கிற டாஸ்க் சில விநாடி தூங்கினால்? தனியாக ஓர் இரும்புப் பிடி இருக்கிறது, அது கூண்டை நிறுத்திவிடும். உள்ளே இருப்பவர்களின் கால் எலும்புக்கு அது பொறுப்பேற்காது.

இன்னொன்று. இங்கே ஒரு வழக்கம். கூண்டு சரியாகிவிட்டது என்று யார் கையெழுத்துப் போடுகிறார்களோ, அவர்தான் முதலில் அதில் இறங்க வேண்டும். தனியாக, அடி வரைக்கும். ஆக, கையெழுத்துப் போடாமல் வெளியே வர முடியாது, உள்ளே இறங்காமல் கையெழுத்துப் போட முடியாது.

எழுத ஆரம்பித்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி வேலைக்கு ஊரைவிட்டு நான் கிளம்பிய அன்று சாயங்காலம் பெட்டி கட்டிக்கொண்டே உங்களுக்காகக் காத்திருந்தேன். என்னை விற்றதற்கு ஒரு காரணமாவது சொல்ல வருவீர்கள் என்று. கடைசியாக ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். யாரும் இல்லை. ஜன்னலைச் சாத்தினேன், சார்ஜரைப் பெட்டியில் திணித்தேன், விளக்கை அணைத்தேன், பின்படி வழியாக இறங்கி டாக்ஸியில் ஏறினேன். ஒரே ஒரு தடவை வந்து கதவைத் தட்டியிருந்தால் இந்த இரண்டு வருஷமும் இப்படி ஆகியிருக்காது.

குண்டூசி


ஜூன் 16

குண்டூசி,

வந்தேன்.

தூறிக்கொண்டிருந்தது. குடை பிடிக்க இந்தக் கை ஒத்துழைக்கவில்லை, நனைந்துகொண்டே வந்தேன். உன் வீட்டுக்கு எதிரே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஜன்னல் சாத்தியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. திரைக்குப் பின்னால் நீ குனிந்து நிமிர்வது தெரிந்தது. சரி, விழித்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள், கோபம் ஆறினால் அவளே வருவாள், நான் போய்த் தட்ட வேண்டியதில்லை என்று நினைத்தேன். ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் உன் அண்ணன் சொல்லித்தான் நீ போனது தெரியும்.

நான் வந்ததை அவரிடமும் சொன்னதில்லை.

பேட்டரிக்கும் பதில் சொல்கிறேன். என் கை போய்விட்டது. ஒரு வரி தட்டினால் தோள் வரைக்கும் இழுத்தது. அந்தக் கெர்னல் யாரோ தெரியாதவர் கையில் போய்ச் சாகக் கூடாது என்று நினைத்தேன். அதைத் தெரிந்தவள் உலகத்தில் இன்னொருத்திதான் இருந்தாள். கேட்டால் மாட்டேன் என்பாய், அதனால் கேட்கவில்லை. இன்றைக்கும் வேறு மாதிரி செய்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

கடிகார வித்தை வேண்டாம். அது ஒட்டுப் போடுவது. கால் உடைகிறவன் உன்னைக் கிண்டல் செய்த தடியனாகவே இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு புராசஸர் என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை. தூங்கப் போகும் பகுதியை வரி விடாமல் எழுதி அனுப்பு. என்னிடம் பிரதி இல்லை, விற்றதோடு எல்லாம் போய்விட்டது.

கூண்டைப் பற்றி நீ எழுதியதை உன் அண்ணனிடம் படித்துக் காட்டவில்லை. நான் மட்டும் படித்தேன். பல தடவை.

அண்ணி


ஜூன் 19

அண்ணி! அண்ணி!

பிடித்துவிட்டேன். நீங்கள்தான் பிடித்தீர்கள், உங்களுக்கே தெரியாமல்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். முதலில் கொஞ்ச நேரம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றீர்களா? இரண்டு வருஷம் உங்களைத் திட்டித் தீர்த்திருக்கிறேனே.

இப்போது பாருங்கள். நான் தெருவைப் பார்த்தேன், யாரும் இல்லை. பிறகு விளக்கை அணைத்தேன். பார்த்ததற்கும் அணைத்ததற்கும் நடுவில் ஒரு சார்ஜர் நேரம். அந்த இடைவெளியில் நீங்கள் வந்தீர்கள். விளக்கு எரிகிறதே, விழித்திருக்கிறாளே, எழுப்ப வேண்டியதில்லை என்று திரும்பிவிட்டீர்கள். நான் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டேன். இரண்டு பேரும் தப்பாக எதுவும் செய்யவில்லை. நான் பார்த்தபோது யாரும் இல்லாதது உண்மை. நீங்கள் பார்த்தபோது விளக்கு எரிந்ததும் உண்மை.

பிரேக் டாஸ்க்கும் இதைத்தான் செய்கிறது! முதலில் 'சமிக்ஞை வந்ததா' என்று பார்க்கிறது. வரவில்லை. பிறகு 'நான் தூங்குகிறேன்' என்று தன்னைக் குறித்துக்கொள்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அடுத்த புராசஸரிலிருந்து எழுப்புகிறவன் வருகிறான். சமிக்ஞையை வைக்கிறான், டாஸ்க்கைப் பார்க்கிறான், 'இன்னும் விழித்திருக்கிறதே' என்று போய்விடுகிறான். அது தூங்கிவிடுகிறது. எழுப்ப இனி யாரும் வரப்போவதில்லை. கூண்டு தொங்குகிறது.

உங்கள் பேரில் குற்றமில்லை என்பதையும் எழுத்தில் கொடுக்கிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். ஒரே புராசஸர் இருந்தபோது, நடுவில் யாரும் குறுக்கே வராதபடி கதவை அடைத்துவிட்டுத்தான் இரண்டு படியையும் செய்தீர்கள். வீட்டில் ஒரே ஆள், ஒரே கதவு. இப்போது அடுத்த அறையில் இன்னொரு ஆள் குடியிருக்கிறார். நம் கதவை அடைத்தால் அவரை அது தடுக்காது.

மருந்தும் அந்தச் சாயங்காலத்திலேயே இருக்கிறது. முதலில் விளக்கை அணைக்க வேண்டும். பிறகு தெருவைப் பார்க்க வேண்டும். யாராவது நின்றால் விளக்கைப் போட்டுக்கொண்டு கீழே ஓட வேண்டும். நான் பார்த்த பிறகு யாராவது வந்தால், விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து அவர்களே தட்டுவார்கள். இரண்டில் ஒன்று நடந்தே தீரும். வரிசையை மாற்றிவிட்டேன். குறித்துக்கொள்வது முதலில், பார்ப்பது பிறகு. தூங்கப் போகும் பகுதியையும், எழுப்பும் பகுதியையும் வரி விடாமல் இத்துடன் எழுதியிருக்கிறேன்.

மேனேஜரிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். "நிக்காதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். யோசித்துத்தான் தெரியும் என்றேன். "யோசிச்சா?" என்றார், உங்களைப் போலவே. காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் காலியாக ஓட்டுகிறோம். அது நிற்காவிட்டால் அடுத்த வியாழன் காலை கையெழுத்து, உடனே இறங்குவது, வெள்ளி வண்டியில் வீடு.

பயமாகத்தான் இருக்கிறது. கூண்டைத் தாண்டிப் போகும்போது பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் இங்கே இன்னொரு மாதம் இருந்தால் அந்தத் தகரச் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேன். ஏறிவிடுகிறேன், அண்ணி. கண்ணை மூடிக்கொண்டாவது.

குண்டூசி


ஜூன் 23

குண்டூசி,

கையெழுத்துப் போடாதே. இறங்காதே.

இதை முதல் வரியில் வைத்துவிட்டேன். மீதியைப் பொறுமையாகப் படி.

வரிசையை மாற்றியது சரி. நான் பார்த்த வேலையிலேயே அழகான வேலை. ஆனால் அது போதாது. உன் இரண்டு வரிகளையும் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு நேற்று முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

நீ 'தூங்குகிறேன்' என்று எழுதுகிறாய். உன் புராசஸர் அதை உடனே எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதுவதில்லை. தன் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, எழுதியாகிவிட்டது என்று உன்னிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. பெட்டியில் இருப்பது வெளியே போகக் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் நீ சமிக்ஞையைப் பார்த்துவிடுகிறாய். நீ இப்போது எனக்கு எழுதுகிறாயே, அதே கதைதான். எழுதிவிட்டாய் என்பது உனக்குத் தெரியும். வண்டி வந்து எடுத்துப் போகும் வரை எனக்குத் தெரியாது. எழுப்புகிறவனுக்கும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது.

ஆக, நீ சுவிட்சைத் தட்டிவிட்டாய், தெருவில் நிற்பவளுக்கு விளக்கு இன்னும் எரிகிறது. நீ தெருவைப் பார்க்கிறாய், அவள் இன்னும் வந்து சேரவில்லை. பழைய கதை மறுபடியும். முன்பைவிட அபூர்வமாக நடக்கும். ஒரு வாரம் காலியாக ஓட்டினால் தெரியவே தெரியாது. அதுதான் ஆபத்து.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி வேண்டும். பெட்டி காலியாகும் வரை நில், அதன் பிறகு பார் என்று புராசஸருக்குச் சொல்லும் வரி. தடுப்பு. எழுப்புகிறவன் பக்கத்திலும் அதே வரி: சமிக்ஞையை வைத்த பிறகு, டாஸ்க்கைப் பார்க்கும் முன். அந்தப் பலகைக்கு உரிய கட்டளையை இத்துடன் எழுதியிருக்கிறேன். என் எழுத்து புரியாவிட்டால் உன் அண்ணன் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறார் பார். அது என்னவென்று தெரியாமலேயே எழுதினார்.

இந்தக் கடிதம் வியாழன் மதியம்தான் உன் கைக்கு வரும். நீ இறங்குவது வியாழன் காலை. உன் அண்ணன் எப்படியோ அந்தச் சுரங்கத்தின் நம்பரைத் தேடிப் பிடித்தார். எடுத்தவன், "விபத்து நடந்திருக்கா?" என்றான். இல்லை, நடக்காமல் இருக்கத்தான் பேச வேண்டும் என்றேன். "நடக்கலன்னா இந்த லைன்ல பேசக்கூடாதும்மா" என்று வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன், எடுக்கவே இல்லை. வண்டி கிளம்பும் இடத்துக்கு உன் அண்ணன் ஓடினார். வாரத்துக்கு ஒரே வண்டிதானாம்.

நானும் இந்த வீட்டில் பூட்டி வைத்த மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. உனக்குத் தெரியாமல் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஏறாதே, கண்ணே.

அண்ணி


ஜூன் 26

அண்ணி,

முதலில் இது: நான் முழுசாக இருக்கிறேன். இரண்டு காலும் இருக்கின்றன. அண்ணனிடம் உடனே சொல்லுங்கள்.

காலையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மேனேஜர் பேனாவை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். கூண்டுக்காரர் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தேன். இன்னொரு காலைத் தூக்க முடியவில்லை.

இதை அறிவு என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் பயம். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "வண்டி வரட்டும். வந்த பிறகு இறங்குறேன்" என்றேன்.

"வண்டிக்கும் இதுக்கும் என்ன மேடம்?"

"எங்க அண்ணிக்கு எழுதியிருக்கேன். பதில் வரணும்."

"கையெழுத்துப் போட்டாச்சு!"

"போட்டாச்சு. இறங்கப் போறேன்னும் சொல்லியாச்சு. இறங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கறேன்."

அந்தச் சிரித்த முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. ஷிப்டு ஆட்கள் வெயிலில் நின்று முணுமுணுத்தார்கள். அந்தத் தடியன், "மேடம் சொல்றபடி நில்லுங்கப்பா" என்றான். கூண்டுக்காரர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். மதியம் வரைக்கும் கேட்டைப் பார்த்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பேரை நிறுத்தி வைத்துவிட்டு, கடிதத்தில் 'சரி, போ' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் என் மானம் என்ன ஆவது என்று தோன்றியது. கடிதமே இல்லாவிட்டால்? அதை நினைக்கவே தைரியம் வரவில்லை.

வண்டி வந்தது. உங்கள் முதல் வரியை எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். கடைசி வரியைப் படிக்கவில்லை. அது எனக்கு.

இரண்டு இடத்திலும் தடுப்பு வரியைச் சேர்த்தேன். அண்ணனின் பெரிய எழுத்துத்தான் உதவியது. சாயங்காலம் மறுபடி கையெழுத்துப் போட்டு, தனியாக இறங்கினேன். நிற்காது என்று காட்ட முடியாது, அண்ணி. காட்டாமலேயே நம்பினேன். பாறை நகர்ந்துகொண்டே இருந்தது. பாதி வழி வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். தாண்டிவிட்டது. அடியில் மெதுவாக, ரொம்ப மெதுவாக, தரையில் கால் வைப்பது போல நின்றது. உங்கள் கட்டளை எனக்காக நின்று பார்த்தது.

மேலே வந்தவுடன் சீட்டை நீட்டினேன். மேனேஜர் மறுபடி சிரித்தார். இந்தச் சுரங்கத்துக்கு இரண்டாவது குழி ஒன்று இருக்கிறதாம். அங்கேயும் இதே பலகை. அங்கே வேறு மோட்டார், வேறு உணர்கருவி, ஷெட்யூலரில் யார் யாரோ கை வைத்த இருபது இடங்கள். "அதையும் முடிச்சுட்டுப் போயிடுங்களேன்." என் சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கேட்டு வரைக்கும் நடந்து போனேன். காவலாளி எழுந்து நின்றார், பாவம், அவர் என்ன செய்வார். என் போன் இருக்கும் துணிப்பை அலமாரிக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. திரும்பி வந்து என் தகரப் பெட்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இறங்கும்போது வராத அழுகை இப்போது வருகிறது. கூண்டிலிருந்து வெளியே வந்துவிட்டேன், இதிலிருந்து எப்படி வருவது என்று தெரியவில்லை. ஒரு குழியைத் தாண்டினால் இன்னொன்று இருக்கும், அதைத் தாண்டினால் இன்னொன்று. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம். எனக்குக் களைப்பாக இருக்கிறது. இருபது இடத்தையும் தனியாகப் பார்க்கத் தெம்பில்லை.

விளக்கை அணைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அடுத்த பெட்டியின் வாசல் விளக்கு வெளிச்சம் போதும்.

குண்டூசி


ஜூன் 30

குண்டூசி,

உன் கடிதத்தை வாசலிலேயே பிரித்தேன். முதல் வரியைப் படித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் கீழே விழுந்துவிட்டேன் என்று நினைத்து உன் அண்ணன் தண்ணீரோடு ஓடி வந்தார்.

உன் கம்பெனியோடு பேசிவிட்டேன். இடது கையால் எழுதினால் மரியாதையாக எழுதத் தெரிவதில்லை, அது ஒரு வசதி. இரண்டாவது குழியைக் கெர்னலை எழுதியவளே வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதாகவும், அதற்குப் பதிலாக உன்னை ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பதாகவும் எழுதி வாங்கியிருக்கிறேன். மேனேஜருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது, இதே வண்டியில்.

இதே வண்டியில் நானும் வருகிறேன். ஓட்டுநருக்குப் பக்கத்தில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு முன்னால் ஓர் இடம் இருக்கிறதாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, என் பையில் வைத்திருக்கிறேன். உன் கையில் கொடுப்பேன். பேசத் தொடங்கினால் சண்டை போடுவோம். அதனால் முக்கியமானதை எழுதி வைத்துக்கொண்டேன்.

இருபது இடத்தையும் நீ சொல்லச் சொல்ல நான் யோசிக்கிறேன், நீ தட்டு. முடிந்ததும் கையெழுத்து என்னுடையது. முதலில் இறங்குவதும் நான்தான். உன் அண்ணன் பயப்படுகிறார், நானும்தான். நீ மேலே நின்றுகொள். அது முடிந்த வெள்ளிக்கிழமை வண்டியில் நீ முதலில் ஏறு. நான் பின்னால் வருகிறேன், எத்தனை வெள்ளிக்கிழமை ஆனாலும்.

அன்றைக்கு நான் தெருவில் நின்றது தப்பா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் வியாழன் மதியம் உன் தகரப் பெட்டி முன்னால் வந்து நிற்பேன். உள்ளே விளக்கு எரிகிறதா, நீ விழித்திருக்கிறாயா என்று பார்க்க மாட்டேன்.

தட்டுவேன். நீ திறக்கும் வரைக்கும் தட்டுவேன்.

அண்ணி